பக்கத்து வீட்டில் பொங்கிய பால்

ஐஸ்பெட்டி இறங்கிவிட்டது. கட்டில் இறங்கிவிட்டது. துணி துவைக்கும் மெஷினை லோரிக்காரரும் அவருடைய ஆளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுவந்து, கார் நிறுத்தும் முன்வாசலில் வைத்தார்கள். செமினிப் புறநகரில் வானம் கறுத்துக் கிடந்தது. அப்போதுதான் கையில் குடையோடு ஓர் இளைஞர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

முப்பது வயது இருக்கும். சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, தோளில் கம்பெனிப் பை மாட்டியிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் என்று வாயைத் திறக்கும் முன்பே தெரிந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இது நான் வாடகைக்குப் பிடிச்ச வீடு."

எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. அடுத்தவன் வீட்டைப் படம் பிடித்துப் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இங்கே நிறைய.

"தம்பி, உங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க. இது நாங்க வாங்குன வீடு. பத்து நாளைக்கு முன்னாடிதான் பால் காய்ச்சுனோம். இங்க நின்னு டைம் வேஸ்ட் பண்ணாம போய் போலீஸ் ரிப்போர்ட் பண்ணுங்க."

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பையிலிருந்து சாவியை எடுத்தார். முன்கதவில் நுழைத்துத் திருப்பினார். பத்து நாளாக எங்கள் சாவிக்கு அசையாத கதவு ஒரே திருப்பில் திறந்துகொண்டது.

என் கணவர் சேகர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். லோரிக்காரர் மட்டும்தான் பேசினார்.

"அக்கா, இன்னும் இறக்கவா, இல்ல ஏத்தவா? மழை வருது லா."

சுவரில் எழுதிய இருபது

தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் பள்ளி வேன் ஓட்டினவள். எந்தச் சந்தில் எந்த மாடியில் எந்தப் பிள்ளை என்று எனக்கு அத்துப்படி. கைப்பேசியில் வழி பார்த்து ஓட்டுகிறவர்களைக் கண்டால் சிரிப்பேன். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டைத் தவறவிட்டேன்.

அது புது வீடமைப்புத் திட்டம். ஒரே மாதிரி இரட்டை மாடி வீடுகள் வரிசையாக நிற்கும். ஒரே சாயம், ஒரே கேட். கதவு எண் பலகை இன்னும் மாட்டவில்லை. எங்கள் கடிதத்தில் வீட்டு எண் இருபது என்று இருந்தது. ஒரு வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தில் இருபது என்று எழுதியிருந்தது. நேராக அங்கே போய் நின்றேன். அந்த இருபது, கட்டுமான ஆட்கள் தங்கள் வசதிக்கு எழுதிய லாட் எண், அதாவது மனை எண். லாட் எண் வேறு, வீட்டு எண் வேறு. எங்கள் வீடு அதற்கு அடுத்தது.

சாவி சேரவில்லையே, அப்போதாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. மார்கழி பிறப்பதற்கு முன் கிடைத்த கடைசி நல்ல நாளும் அதுதான். பின்பக்கச் சந்து வழியாகப் போனேன். பின்கதவை வெறும் கம்பியால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து உள்ளே புகுந்து, முன்கதவை உள்ளிருந்து திறந்துவிட்டேன். சேகரின் அக்கா, லெட்சுமி அக்கா, அரிசியும் உப்பும் குடத்துத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே வந்தார். கேஸ் அடுப்பில் பால் பொங்கியது. அக்கா நிலையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். நான் அதே மஞ்சளைத் தொட்டு நிலைக்கு மேலே ஒரு சிலுவை போட்டேன். நான் கிறிஸ்துவச்சி, சேகர் இந்து. எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டு இரண்டாகத்தான் நடக்கும்.

மறுநாள் வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்களின் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "என்ன பூட்டு போட்டிருக்கீங்க? சாவி கொடுத்தா கதவு திறக்கணும்ல?" போனை எடுத்த பெண் பாவம், மன்னிப்புக் கேட்டு, ஆள் அனுப்புவதாகச் சொன்னாள். அவளுக்கு இந்தப் பத்திரிகைப் பத்தி வழியாக என் மன்னிப்பைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் "கோபத்தைக் கொஞ்சம் குறையுங்கள், சகோதரி" என்று எழுதியிருந்தார். இந்த வாரமும் குறையாது. பிடிக்கவில்லையென்றால் பக்கத்தைத் திருப்புங்கள்.

திரும்ப முடியாத வழி

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாவியை அன்று காலையில்தான் ஒப்படைத்திருந்தோம். மூன்றாவது மாடி, இரண்டு அறை, பன்னிரண்டு வருஷம். கிறிஸ்மஸ் முடியும்வரை இருக்கிறோம், ஒரு வாரம்தானே என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் முடியாது என்றுவிட்டார். சுவர் இடிக்கிற ஆட்கள் வருகிறார்களாம். கிறிஸ்மஸ் வாரத்தில் எந்த ஆள் சுவர் இடிக்க வருகிறான் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அந்த வீட்டில் கிறிஸ்மஸ் குடில் வைக்க டிவி மேசையின் ஓரம்தான் கிடைக்கும். மூன்று ராஜாக்களும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். "புது வீட்டுல செவுரு முழுக்கக் குடில்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஜெசிக்கு ஏழு வயது, கவினுக்கு நாலு. அந்த வருஷம் முழுக்க அவர்கள் அதையேதான் பேசினார்கள். சாமான் கட்டிய அட்டைப் பெட்டிகளில் எதெல்லாம் மலை, எதெல்லாம் மாட்டுக் கொட்டகை என்று பேனாவால் எழுதியே வைத்திருந்தார்கள்.

இப்போது அந்தப் பெட்டிகள் அடுத்தவர் வாசலில் கிடந்தன. பிள்ளைகள் என் வேனுக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். கிறிஸ்மஸுக்கு இன்னும் நாலு நாள்.

எங்கள் சொந்த வீடு பத்தடி தள்ளி நின்றது. எங்கள் சாவி அதில் சரியாகச் சேர்ந்தது. கதவும் திறந்தது. நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

"வை கீழ" என்றார் லெட்சுமி அக்கா.

லெட்சுமி அக்காவின் மார்கழி

அக்கா சுருட்டி வைத்த மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார். கிள்ளானிலிருந்து எங்களுக்கு உதவி செய்ய வந்தவர்.

"அந்த வீட்டுல பால் காய்ச்சல. மார்கழி பொறந்துடுச்சு. தை வரைக்கும் யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது."

"அக்கா, சாமான் எல்லாம் ரோட்டுல கெடக்கு."

"கெடக்கட்டும். நீயும் பிள்ளைங்களும் சாலாக் செலாத்தான்ல உன் ஃபிரண்டு வீட்டுக்குப் போங்க. தம்பி என்கூட கிள்ளானுக்கு வரட்டும். என் வீட்டுல எல்லாரும் படுக்க எடம் இல்ல. மூணு வாரம்தானே."

ஜெசி வேன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "அப்போ கிறிஸ்மஸுக்கு அப்பா எங்க இருப்பாரு?"

நான் அவளுக்கு இன்னொரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன்.

லெட்சுமி அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தாய் போன பிறகு சேகரை வளர்த்தது அவர்தான். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, மாதா கோவிலுக்குள் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவரும் அவர்தான். மெதுவாகத்தான் பேசுவார். மார்கழியில் மட்டும் அவரோடு பேச முடியாது.

பல வருஷத்துக்கு முன் அவரும் மாமாவும் கிள்ளானில் ஒரு வீடு வாங்கினார்கள். அவசரம். மார்கழியிலேயே குடிபோனார்கள். வேண்டாம் என்று மாமியார் வீட்டில் சொன்னபோது அக்கா சிரித்தாராம். தை முடிவதற்குள் மாமா இறந்துவிட்டார். மாரடைப்பு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் காரணம் சொன்னார். அக்கா வேறு காரணம் வைத்திருந்தார். அந்த வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போனார். அதன் பிறகு மார்கழி வந்தால் சேகருக்கு நாளுக்கு இரண்டு தடவை போன் வரும். "சாப்பிட்டியா, மாத்திர போட்டியா, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று வாசலில் நின்று, எனக்கு வந்ததைக் கொட்டினேன்.

"உங்க வீட்டுல நடந்ததுக்கு என் வீடு என்னக்கா பண்ணும்? மாமா செத்தாருன்னா என் பிள்ளைங்க தெருவுல நிக்கணுமா?"

அச்சில் போடவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னது நான்தான்.

"ஸ்டெல்லா, போதும்" என்றார் சேகர்.

அக்கா என்னைத் திட்டவில்லை. மெத்தையைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை விரலால் தடவிக்கொண்டே, "எனக்கு மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்தான்" என்றார்.

லோரிக்காரர் வானத்தைப் பார்த்தார். முதல் தூறல் ஐஸ்பெட்டி மேல் விழுந்தது.

போனில் ஒரு விசாரணை

அந்த இளைஞரை மறந்தே போனோம். பெயர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கம். அருகில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். அவர் தன் வாடகை வீட்டுக்குள் போகாமல், எங்கள் சண்டைக்கு நடுவே குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாமல் நின்றார். அவர் கைப்பேசி அடித்தது. வீடியோ கால், ஊரிலிருந்து அவருடைய அம்மா.

"எல, வீட்டப் பாத்தியா? அங்க என்னல சத்தம்?"

இசக்கி நடந்ததைச் சொல்லி, கைப்பேசியைத் திருப்பி வாசலையும் காட்டினார். பின்பு அசடு வழிந்தபடி கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "அக்கா, அம்மா பேசணுங்காவ."

நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு முகம் திரை முழுக்க இருந்தது. எனக்கு வசவு விழப்போகிறது என்று நானும் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"யம்மா, நீங்கதான் பாலு காய்ச்சுனியளா?"

"ஆமா. தெரியாம செஞ்சிட்டோம்."

"பொங்குச்சா?"

"பொங்குச்சு."

"எந்தப் பக்கமா பொங்குச்சு?"

எனக்கு எங்கே தெரியும்? முழித்தேன். மெத்தை மேலிருந்து லெட்சுமி அக்காவின் குரல் வந்தது. "கெழக்கு. நான் பாத்தேன்."

"யாரு அது?"

"என் வீட்டுக்காரரோட அக்கா."

"அவுக கிட்ட குடுங்க." ஆனால் கொடுப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "இசக்கி இப்பதான் வாசலக் காட்டுனான். நெலைக்கு மேல சிலுவை கெடக்கு. நீங்க வேதக்காரவுகளா?"

"நான் வேதம். அவரு இந்து. சிலுவை நான் போட்டது. அழிக்கணும்னா இப்பவே அழிச்சிடுறேன்." குரல் கொஞ்சம் உரத்துத்தான் போயிருக்க வேண்டும். சேகர் என் முழங்கையைத் தொட்டார்.

"அத எதுக்குத்தா அழிக்கணும்? எங்க தெருவுல பாதிப்பேரு வேதக்காரவுகதான். கிறிஸ்மஸ் அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பே எரியாது. பூரா அவுக குடுத்தனுப்புனதுதான்."

பிறகு அக்காவும் அந்த அம்மாவும் பேசினார்கள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். என்ன நாள், என்ன நட்சத்திரம், முதலில் காலெடுத்து வைத்தது யார், விளக்கு ஏற்றியது யார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பிசகாமல் பதில் சொன்னார். கடைசியில் அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது.

"அப்போ பத்து நாளா வீடு இருட்டுலயா கெடக்கு?"

"ஆமாங்க" என்றார் அக்கா. குற்றம் செய்தவர் மாதிரி.

"பால் பொங்குன வீட்ட இருட்டுல போடலாமாம்மா? இவனுக்கு நாள் பாக்கத்தான் நேரமில்லாமப் போச்சு, தை பொறந்துதான் போகணும்னு நான்தான் நிறுத்தி வச்சேன். மருமவளும் கைப்பிள்ளையும் அப்பதான் வாராவ. எல இசக்கி, உனக்குத்தான் கம்பெனி ரூம் இருக்குல்லா? அதுவரைக்கும் அவுகளே உள்ள இருக்கட்டும். பிள்ளைக பொழங்குன வீடுன்னா நல்லதுதான். சாயங்காலம் ஒரு வெளக்கு மட்டும் வைக்கச் சொல்லு."

அக்கா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு எழுந்தார்.

"இந்த வீடு குடிபோன வீடு. மார்கழிக்கு முன்னாடியே போயாச்சு. இங்க தம்பி இருக்கலாம்."

சொந்த வீட்டின் சாவி என் கையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து வீட்டில் மூன்று வாரம் இரவலில் இருக்க வேண்டுமாம். இதைவிடக் கிறுக்குத்தனம் உண்டா என்று கத்த வாயெடுத்தேன். மழை சடசடவென்று இறங்கியது. வாயை மூடிக்கொண்டு மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினேன். மறுமுனையை அக்கா தூக்கினார்.

லோரிக்காரர் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகும்போது சேகரிடம் சொன்னார். "பாஸ், எத்தனையோ வீடு மாத்திவிட்டிருக்கேன். வாங்குன வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல குடிபோறவங்கள இன்னைக்குதான் பாக்குறேன்."

சுவர் முழுக்க

சாமான் எதையும் பிரிக்கவில்லை. எப்படியும் தையில் தூக்க வேண்டியதுதானே. அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பிரிக்காத பெட்டிகள் அத்தனையும் கூடத்துச் சுவரோரம் அடுக்கினோம். அதன்மேல் பழுப்புக் காகிதம் போர்த்தினோம். மலை வந்துவிட்டது. பானை சட்டிப் பெட்டிதான் உச்சி மலை. ராஜாக்கள் மூவரும் முதல் தடவையாக இடைவெளி விட்டு நடந்தார்கள். கவின் தன் பொம்மை லோரியையும் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"மாதாவும் சூசையப்பரும் வீடு மாறுறாங்க. லோரி வேணும்ல?" என்றான். எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் இசக்கி மூங்கில் குச்சியும் பட்டக் காகிதமும் வாங்கிக்கொண்டு வந்தார். தரையில் உட்கார்ந்து நட்சத்திரம் கட்டினார். ஊரில் பக்கத்து வீட்டுக்கு வருஷாவருஷம் கட்டிக் கொடுப்பாராம். ஜெசி பசை தடவினாள். "அங்கிள், நீங்க சாமி கும்புடுறவங்களா, சர்ச்சுக்குப் போறவங்களா?" என்று கேட்டாள்.

"நான் ஸ்டார் கட்டுதவன்" என்றார்.

தினமும் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு அவருடைய அம்மாவின் வீடியோ கால் இப்போது என் கைப்பேசிக்கே வந்தது. "வெளக்கக் காட்டுங்க." லெட்சுமி அக்கா சமையலறையில் ஏற்றிவைத்த காமாட்சி விளக்கைக் காட்டுவார். "சரி, இப்ப மாட்டக் காட்டுங்க." பிள்ளைகள் குடிலைக் காட்டுவார்கள். "அதென்னல மாட்டுப் பக்கத்துல லாரி?" கவின் முதலிலிருந்து விளக்குவான்.

அக்கா கிள்ளானுக்குப் போகவில்லை. "ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். எதைப் பார்க்க என்று நான் கேட்கவில்லை. அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை சமையலறைவரை போனேன். இரண்டு தடவையும் "வெங்காயம் எங்கக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்கு அதெல்லாம் வராது.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மாலைப் பூசைக்குக் காஜாங் சர்ச்சுக்குப் போனோம். மறுநாள் காலையில் கோழிப் பிரட்டல், நெய்ச்சோறு, அக்கா சுட்ட அச்சுமுறுக்கு. இசக்கி மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். பரிசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாங்கியது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. மலையைக் கலைத்துத் தேடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. இசக்கி கிளம்பிப் போயிருந்தார். பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து முறுக்கை உடைத்துக் குடிலின் பொம்மை ஆட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேகர் குடிலுக்கு முன்னால் வெறுந்தரையில் படுத்துத் தூங்கிப்போயிருந்தார். ஒரு வாரமாகச் சாமான் தூக்கிய உடம்பு.

நான் சமையலறையிலிருந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். லெட்சுமி அக்கா அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து, ஒரு விரலை அவர் மூக்குக்குக் கீழே பிடித்திருந்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார். விரலில் மூச்சுக்காற்று பட்டிருக்க வேண்டும். அக்காவின் தோள் மெல்லத் தளர்ந்து இறங்கியது.

திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"எறும்பு" என்றார். "மூஞ்சில ஊறுச்சு."

முந்தின நாள்தான் அந்தத் தரையை நான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தேன். எறும்பு அந்தப் பக்கமே வந்திருக்காது.

"ஆமாக்கா. இந்தப் பக்கம் எறும்பு ஜாஸ்தி" என்றேன்.

உள்ளே போய் ஒரு பாய் எடுத்துவந்து சேகருக்குப் பக்கத்தில் விரித்தேன். தலையணையும் வைத்தேன். அக்கா படுத்தார். தம்பியின் பக்கம் முகத்தை வைத்துக் கண்ணை மூடினார். பானையில் இருந்த காப்பியைச் சூடு பண்ணிக் கொண்டுவருவதற்குள் இரண்டு பேரும் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன்.